பறவைத் தட்டுக்குச் சுற்றிய கம்பி

பெயர்: அழகர்சாமி. தகப்பனார் பெயர்: சின்னக்கருப்பன். வயது: 64. தொழில்: மின்துறையில் லைன்மேன், ஓய்வு. முகவரி: பஸ் நிலையத்துக்குப் பின்னால் பம்ப் ஹவுஸ் போகும் பாதையில் மூன்றாவது வீடு, ரங்கத், மத்திய அந்தமான். பூர்வீகம்: மதுரை மாவட்டம், உசிலம்பட்டி.

நான் இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் மாஜிஸ்திரேட் அவர்கள் நேற்று முன்தினம் எடுத்துச் சொல்லி, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரும்படி ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். யோசித்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு இந்தி பேச வரும். ஆனால் இதைத் தமிழில் சொல்ல விரும்புவதாகக் கேட்டுக்கொண்டதால், மொழிபெயர்ப்பாளர் பாலசுப்பிரமணியம் அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதிவருகிறார்.

நான் 1984-ஆம் ஆண்டு, இருபத்து நான்கு வயதில், கப்பலேறி போர்ட் பிளேயர் வந்தேன். மின்துறையில் முதலில் மஸ்தூர் என்ற கூலித் தொழிலாளியாகவும், பிறகு லைன்மேனாகவும் இருந்து, கடைசிப் பதினெட்டு வருடம் ரங்கத்தில் வேலை பார்த்து, 2020-இல் ஓய்வு பெற்றேன். என் மனைவி பெயர் பொன்னம்மா. எங்களுக்கு ஒரே மகள். பெயர் சுதா. திருமணமாகி போர்ட் பிளேயர் ஹேடோவில் துறைமுகக் குடியிருப்பில் இருக்கிறாள்.

2023 செப்டம்பர் மாதம் பொன்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுவிட்டது. போர்ட் பிளேயரில் ஆறு வாரம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதால் ரங்கத்துக்கே அழைத்து வந்தேன். பின்பக்க அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டேன். படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரியில் மூன்று முறை எழுந்து அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதை நான் செய்தேன். காலையில் குளிப்பாட்டித் துணி மாற்றுவதற்கு ஒரு பெண் தேவைப்பட்டதால், அதே பாதையில் கடைசி வீட்டில் இருக்கும் ஒச்சம்மா என்பவரை வரச் சொன்னேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். வயது 47. கணவர் இறந்துவிட்டார். என்னை அண்ணே என்றும் பொன்னம்மாவை மதினி என்றும் கூப்பிடுவார். தினமும் விடிகிற நேரத்தில், ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடுவார். முன்பக்கம் சுற்றி வர வேண்டாம், வேலியில் திட்டிவாசல் இருக்கிறது, பின்பக்கமாகவே வந்துவிடு என்று அவரிடம் சொன்னவன் நான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பொன்னம்மா எதையும் பார்க்காமல் இருந்தாள். டி.வி. போட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நவம்பர் மாதம் ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் சிந்திக்கிடந்த சோற்றை ஒச்சம்மா அள்ளி ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். இரண்டு மைனாக்கள் வந்து தின்றன. பொன்னம்மா தலையைத் திருப்பி அவற்றைப் பார்த்தாள். அவை போகிறவரைக்கும் பார்த்தாள். நோய் வந்த பிறகு அவள் தானாகத் தலையைத் திருப்பியது அன்றுதான்.

அதன் பிறகு நான் பழைய ஃபேன் ஒன்றின் வட்டக் கம்பிக் கூண்டைப் பாதியாகப் பிரித்து, அதைத் தட்டு மாதிரி ஒரு இரும்புக் குழாயின் தலையில் பற்றவைத்து, ஜன்னலுக்கு நேர் எதிரே ஊன்றினேன். அதில் நெல்லும் பழத்துண்டும் வைத்தேன். முதல் வாரம் மைனாவும் புறாவும் வந்தன. இரண்டாவது வாரத்திலிருந்து கிளிகள் வந்தன. நெஞ்சு சிவந்த கிளிகள். விடியும்போதே பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்னும். அந்த நேரத்தில் பொன்னம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு கிளி இன்னொன்றைத் தள்ளிவிட்டபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான் என்று ஒச்சம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜனவரி மாதம் தட்டு காலையில் காலியாக இருக்கத் தொடங்கியது. பழத்தோல் கிழிந்து கிடக்கும். நெல் சிதறிக் கிடக்கும். தட்டின் மேல் கழிவும் இருக்கும். கிளிகள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். டார்ச் அடித்துப் பார்த்ததில் மரநாய் ஒன்று வருவது தெரிந்தது. இங்கே எல்லோரும் ஜங்லி பில்லி என்பார்கள். பூனையைவிடக் கொஞ்சம் நீளம், முகத்தில் வெள்ளைக் கோடு. அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். கொல்ல வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

முதலில் குழாயில் கிரீஸ் தடவினேன். மரநாய் கொய்யா மரத்தின் கிளையிலிருந்து தாவியது. கிளையை வெட்டினேன். அதன் பிறகு எண்ணெய் டின்னை வெட்டிப் புனல் மாதிரி வளைத்து, குழாயின் நடுவில் கவிழ்த்து மாட்டினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு அது குளியலறைக் கூரைத் தகரத்தின் மேல் ஏறி அங்கிருந்து தட்டுக்குத் தாவியது. குழாயைத் தள்ளி நடலாம் என்று பார்த்தேன். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் ஆளுக்குத் தெரிகிற இடம் அந்த ஒன்றுதான். நான் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தே அந்த இடத்தைக் குறித்திருந்தேன். இரண்டு அடி தள்ளினாலும் ஜன்னல் சட்டம் மறைத்துவிடும்.

சாயங்காலமே தட்டைக் காலி செய்துவிட்டு, விடிகாலையில் எழுந்து தீனி வைத்திருக்கலாமே என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். அதுதான் சரியான வழி. பத்து நாள் அப்படித்தான் செய்தேன். ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பதால் விடியும் நேரத்தில் எனக்குக் கண் அசந்துவிடும். நான் எழுந்து பார்க்கும்போது கிளிகள் வந்துவிட்டுப் போயிருக்கும். பொன்னம்மா விழித்துக்கொண்டு காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒச்சம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் வந்ததும் வைத்திருப்பார். அதையும் நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்பது உண்மையல்ல. ஒரு மரநாயை என்னால் சமாளிக்க முடியவில்லை என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 20-ஆம் தேதி, தட்டின் விளிம்பைச் சுற்றி, பீங்கான் குமிழ்களின் மேல், உறையில்லாத கம்பி ஒரு சுற்றுக் கட்டினேன். குளியலறை விளக்கிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்தேன். தட்டில் கால் வைத்தபடி கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். நடுவில் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தேன். அப்படிச் செய்தால் ஷாக் லேசாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த பல்பு ஃபியூஸ் போகாமல் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அன்று ராத்திரி மரநாய் வந்து கம்பியைத் தொட்டதும் வீடு முழுக்க மின்சாரம் நின்றுவிட்டது. காரணம், என் வீட்டு மெயின் போர்டில் ஈ.எல்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. மின்சாரம் மனிதன் வழியாகவோ மிருகத்தின் வழியாகவோ தரைக்குக் கசிந்தால் அது கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும். ரங்கத்தில் முதன்முதலில் அதைத் தன் வீட்டில் மாட்டியவர்களில் நானும் ஒருவன். பொன்னம்மாவுக்கு ஃபேன் நின்று வியர்த்துப்போனது. மறுநாள் நான் குளியலறை இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த சுவிட்சுக்கு முன்னால், மீட்டர் பக்கமிருந்து தனி வயர் இழுத்துக் கம்பிக்குக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் யார் தொட்டாலும் அந்த சுவிட்ச் இறங்காது. அதற்காகத்தான் அப்படிக் கொடுத்தேன். வேலை செய்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பிப்ரவரி 22-ஆம் தேதி ராத்திரி மரநாய் கத்தியது கேட்டது. விழுந்து ஓடிவிட்டது. அதன் பிறகு அது வரவில்லை. கிளிகள் மறுபடி வந்தன. நான் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போட்டு, காலை நான்கு மணிக்கு மொபைலில் அலாரம் வைத்து எழுந்து அணைப்பேன். அணைத்துவிட்டு மறுபடி படுப்பேன். இருபது நாள் இப்படி நடந்தது. ஒச்சம்மாவிடம் கம்பியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. நான்கு மணிக்கு அணைத்துவிடுகிறேனே, அவர் வருவது ஐந்து மணிக்குத்தானே என்று நினைத்தேன். சொன்னால் அவர் நிச்சயம் சண்டை போடுவார், கம்பியை அவிழ்க்கச் சொல்வார் என்பதும் தெரியும்.

மார்ச் 14-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் மின்சாரம் போனது. நான்கு மணிக்கு அலாரம் அடித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லாதபோது கம்பியில் என்ன இருக்கப் போகிறது, அப்புறம் அணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்தேன். மின்சாரம் இல்லாத லைனைத்தான் மிகவும் பயந்து தொட வேண்டும், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அரைத் தூக்கத்தில் என் மேல் காற்று பட்டது. ஃபேன் ஓடத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. புழுக்கம் போனது சுகமாக இருந்ததால் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

அதன் பிறகு டம்ளர் விழுகிற சத்தம் கேட்டு விழித்தேன். பொன்னம்மாவின் கட்டிலுக்கு அருகில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதன் மேல் எவர்சில்வர் டம்ளரும் சொம்பும் இருக்கும். அவள் இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டிருந்தாள். நான் உள்ளே போனபோது சொம்பையும் தள்ளினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போய் வேறு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒச்சம்மா தட்டு ஊன்றிய குழாய்க்கு அருகில் மல்லாந்து கிடந்தார். அவருடைய சேலை முந்தானைக்குப் பக்கத்தில் இரண்டு வாழைப்பழங்கள் கிடந்தன. தன் வீட்டில் பழுத்ததைத் தட்டில் வைப்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறார். திட்டிவாசலுக்கு அருகில் உள்ள தண்ணீர்க் குழாயில் கை கால் கழுவிவிட்டு, ஈரக் கையோடு தட்டைத் தொட்டிருக்கிறார்.

நான் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு நிமிடம் இருக்கும்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். மூச்சு இல்லை. லைன்மேன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சை அமுக்கினேன். வாயில் ஊதினேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. பிறகு அவர் இருமினார். கண் திறக்கவில்லை. ஆனால் மூச்சு வந்தது. வலது கை விரல்கள் இரண்டு கருத்திருந்தன. நான் கூப்பிட்ட சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மண்டல் ஓடிவந்தார். பார்த்துவிட்டு, "காடி லேகே ஆதா ஹூம், தாதா" என்று சொல்லி வண்டி எடுத்துவர ஓடினார்.

அவர் போனதும் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒச்சம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தேன். பிறகு கட்டிங் பிளையரை எடுத்துத் தட்டைச் சுற்றிய கம்பியை வெட்டி, குமிழ்களைக் கழற்றி, மீட்டர் பக்கமிருந்து வந்த வயரையும் உருவி, எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போட்டேன். வண்டி வருவதற்குள் முடித்துவிட்டேன். முப்பத்தாறு வருட வேலைக்காரனின் கை வேகமாக வேலை செய்யும். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கத் மருத்துவமனையில் டாக்டர் என்ன நடந்தது என்று இந்தியில் கேட்டார். குளியலறையில் வாளிக்குள் தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடு இருந்தது, அதை அணைக்காமல் கையை விட்டுவிட்டார் என்று சொன்னேன். என் வீட்டில் அப்படி ஒரு ராடு இருக்கிறது. ஆனால் அன்று அது அலமாரியில் இருந்தது. அந்தப் பொய்யால், நடந்ததற்குக் காரணம் ஒச்சம்மாவின் அஜாக்கிரதை என்று எழுதப்பட்டது. அன்றே அவரை ஆம்புலன்ஸில் போர்ட் பிளேயருக்கு அனுப்பினார்கள். மறுநாள் சுதா கப்பலில் வந்து சேர்ந்தாள். அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் கிளம்பினேன். பாராடாங் தாண்டி, காட்டுப் பாதையில் போலீஸ் காவலோடு சேர்ந்து போகும் கான்வாய்க்காக வண்டிகள் வரிசையில் நின்றபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். இறங்கவில்லை.

போர்ட் பிளேயரில் நான் போனபோது ஒச்சம்மாவுக்கு நினைவு வந்திருந்தது. காவலர் ஒருவர் விசாரித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். நான் கட்டிலுக்கு அருகில் போனதும் ஒச்சம்மா, "ஹீட்டருன்னுதான் நானும் சொன்னேன்" என்றார். மார்ச் 19-ஆம் தேதி அவருடைய வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட அவருக்கு ஆள் இல்லாததால் ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் ரங்கத் திரும்பிய பிறகு பொன்னம்மா என் கையால் சாப்பிடவில்லை. சுதா ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். நான் ஸ்பூனை நீட்டினால் வாயை மூடிக்கொள்வாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கண்ணை மூடி, வாயை மூடி, அப்படியே இருப்பாள். இது நோயினால் வந்ததா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. அவளால் சொல்ல முடியாது. டாக்டரிடம் கேட்டேன். சில பேருக்கு இப்படி ஆகும் என்றார். அவருக்கு நடந்தது தெரியாது. நான் அதை நோய் என்று நம்ப இரண்டு வாரம் முயற்சி செய்தேன்.

ஏப்ரல் 3-ஆம் தேதி ஒச்சம்மா ரங்கத்துக்குத் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போனேன். வலது கையில் கட்டு இருந்தது. இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார். பானையை நான் பிடித்துக்கொண்டேன். போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் பேசியதை முடிந்தவரைக்கும் அப்படியே சொல்கிறேன்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க உள்ள போயிட்டா மதினிய யாரு திருப்பிப் படுக்கப் போடுறது? சுதா எத்தனை நாளைக்கு இருக்கும்? எனக்கும் உங்க வீட்டு வேலை ஒண்ணுதான். அதுவும் போயிரும். வெரலு திரும்ப மொளைக்கவா போகுது?"

அதற்காகத்தான் ஹீட்டர் என்று சொன்னாயா என்று கேட்டேன்.

"நீங்க டாக்டர்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கண்ணுதான் தெறக்க முடியல, காது கேட்டுச்சு. அண்ணே இப்படிச் சொல்றாரேன்னு இருந்துச்சு. சரி, அவரு வாயில வந்துருச்சு, நம்மளும் அதையே சொல்லிருவோம்னு சொன்னேன். இப்ப ஊருக்குள்ள எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க. பட்டனை அமத்தத் தெரியாதான்னு. அந்த ராட நான் ஒரு நாளாச்சும் தொட்டிருக்கனா?"

அரிசி களைந்த தண்ணீரை வடித்துவிட்டு அவர், "சொல்றதுன்னா முழுசாச் சொல்லுங்க. பாதியச் சொல்லி என்னைய மட்டும் பொய்க்காரி ஆக்கிராதீங்க" என்றார். அதன் பிறகு பானையை என் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தார்.

அன்று வீட்டில் சுதாவிடம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனில் பேசினாள். அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். கம்பி விஷயம் தெரிந்துபோனாலும், மீட்டர் பக்கமிருந்து வயர் இழுத்ததைச் சொல்ல வேண்டாம் என்றார். பாதுகாப்பு சுவிட்ச் பழுதாகி இறங்காமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண் கூப்பிடாமலே பின்பக்கமாக வேலிக்குள் வந்திருக்கிறார் என்று காட்டினால் வழக்கு லேசாகிவிடும் என்றார். அதனால்தான் பின்வழியாக வரச் சொன்னவன் நான் என்பதை முதலிலேயே குறிக்கச் சொன்னேன். ஒச்சம்மா அத்துமீறி வரவில்லை. வேலைக்கு வந்தார். நான் சொன்ன வழியில் வந்தார். என் மனைவிக்குப் பிடிக்கும் என்று பழம் கொண்டுவந்தார்.

சுதா என்னிடம், "அப்பா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? அம்மாவுக்காகத்தானே செஞ்சீங்க. இத ஏன் இவ்ளோ பெருசாக்குறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். 2009-இல் காட்டுப்பன்றிக்காக வயலில் மின்கம்பி கட்டிய விவசாயி ஒருவர் மேல் வழக்கு நடந்தது. அந்தக் கம்பியில் மிதித்து ஒரு ஆள் இறந்துபோனார். கம்பியை அவிழ்த்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொன்னேன். அந்த விவசாயி தன் பயிருக்காகத்தான் கட்டினேன், ஆள் சாகும் என்று தெரியாது என்று அழுதார். ஃபியூஸுக்கு முன்னால் இணைப்புக் கொடுத்திருப்பதால் அவருக்குத் தெரிந்தேதான் இருக்கும் என்று நான் நீதிமன்றத்தில் சொன்னேன். அவர் சிறைக்குப் போனார். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் படித்தவர் இல்லை. மின்துறையில் வேலை பார்த்தவரும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 8-ஆம் தேதி பரணில் இருந்த கம்பி, வயர், பீங்கான் குமிழ்கள் ஆறு, நூறு வாட் பல்பு ஒன்று ஆகியவற்றை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் தேவேந்திரன் அவர்கள் முதலில் நான் வேறு யாரைப் பற்றியோ புகார் கொடுக்க வந்திருப்பதாக நினைத்து நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்ட பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, இதுல ரெண்டு வழி இருக்கு. கவனக்குறைவுன்னா அது ஒண்ணு. தெரிஞ்சே செஞ்சதுன்னா அது வேற, அதுக்குத் தண்டனை கூட. நீங்க எதைச் சொல்ல வந்திருக்கீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிரட்டவும் இல்லை. தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன். யாரையும் கொல்ல நினைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டும் உண்மை. அதன் பிறகு என் வீட்டு மீட்டரைப் பரிசோதித்து, வயர் இழுத்த தடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள்.

மாஜிஸ்திரேட் அவர்கள் கொடுத்த ஒரு நாளில் நான் செய்தவை: ஒச்சம்மாவிடம் போய், நீ முன்பு போலீசில் சொன்னது நான் சொன்ன பொய்யைக் கேட்டுச் சொன்னது என்பதையும் சொல்லப் போகிறேன் என்றேன். சரி என்றார். பொன்னம்மாவைப் பார்த்துக்கொள்ள அவரையே கேட்டேன். ஒரு கையால் குளிப்பாட்ட முடியாது, மண்டல் வீட்டுப் பெண்ணைக் கூட வைத்துக்கொண்டால் பார்க்கிறேன் என்றார். எனக்காக அதைச் செய்யவில்லை என்பதையும் சொன்னார். அதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதைப் பொன்னம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா, புரிந்ததா என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு சாப்பாடு ஊட்ட நான் முயற்சி செய்யவில்லை. சுதாதான் ஊட்டினாள்.

எனக்குத் தண்டனை குறைய வேண்டும் என்று நான் எதுவும் கேட்கவில்லை. ஒச்சம்மா முன்பு கொடுத்த வாக்குமூலத்துக்காக அவர் மேல் எந்த நடவடிக்கையும் வரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொய் என்னுடையது. அவர் அதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

என்னை யாரும் அடித்தோ, ஆசை காட்டியோ, பயமுறுத்தியோ இதைச் சொல்லவைக்கவில்லை. எழுதி முடித்ததை மொழிபெயர்ப்பாளர் எனக்கு ஒருமுறை நிதானமாக வாசித்துக் காட்டினார். கம்பி கட்டியதைச் சொன்ன இடத்திலும், வயர் இழுத்ததைச் சொன்ன இடத்திலும், நான் சொல்லாமலே "தவறுதலாக" என்ற சொல்லைச் சேர்த்து எழுதியிருந்தார். என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். என் வேண்டுகோளின் பேரில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் அந்தச் சொல்லை இரண்டு இடத்திலும் அடித்து, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது. மற்றவை அனைத்தும் நான் சொன்னபடியே இருக்கின்றன. நான் சொன்னவை அனைத்தும் நடந்தபடியே இருக்கின்றன.

(ஒப்பம்)
அழகர்சாமி
12.04.2024